முதிர்ந்த வயதில் ஸ்பானிய மொழி



தொழிலின் பொருட்டோ பயணத்தின் பொருட்டோ ஸ்பானிய மொழியைக் கற்க விழைவோர், "நாற்பதைத் தாண்டியவருக்குப் புதுமொழி வருமா?" என்று ஐயுறுகின்றனர். ஸ்பெயின், மெக்சிக்கோ, ஆர்ஜென்டீனா முதலாக 20 நாடுகளில் வழங்கும் அரசகரும மொழி அது.

குழந்தையின் செவிக்கூர்மை வளர்ந்தோர்க்கு இல்லை என்பது மெய்யே. ஆயின், அவர்களிடம் தாய்மொழி என்னும் முதல் இருக்கிறது. 'பேசுகிறேன்' என்பதில் 'நான்' அடங்கியிருப்பதுபோலவே, 'ஆப்லோ' என்னும் ஸ்பானிய வினையிலும் அது அடங்கியுள்ளது. 'தூ', 'உஸ்தெத்' என்பன நம்முடைய நீ, நீங்கள் போன்றவையே. போர்த்துக்கேயர் வழியாக நாம் பெற்ற மேசையும் சப்பாத்தும் அங்கே 'மேசா', 'சபாத்தோ' என வழங்குகின்றன.

ஆங்கிலத்தின் வழியே கற்பவர் பெரிதும் இடறுமிடம் ஒன்றுண்டு. அங்கு ஒரே வினையால் சொல்வதை ஸ்பானியம் இரண்டாகப் பிரிக்கும். தன்மையைக் கூறுவது 'சோய்'. நிலையையும் இடத்தையும் கூறுவது 'எஸ்தோய்'. தமிழிலோ, 'நான் ஆசிரியன்' என்போம், வினை வேண்டுவதில்லை. 'களைத்திருக்கிறேன்', 'வீட்டில் இருக்கிறேன்' என்னும்போதே 'இரு' வருகிறது. இவ்வேறுபாட்டை அறிந்தவருக்குப் பாதி வழி கடந்தாயிற்று.

எஞ்சிய தடை வயதன்று, நாணமே. அயல்நாட்டில் கூலியைக் கேட்கவும், மருத்துவரிடம் நோவைச் சொல்லவும் நேரும்போது, பிழையற்ற மௌனத்தினும் பிழையுள்ள வாக்கியமே துணை செய்யும். ஆகவே, நாள்தோறும் சிறிது நேரமேனும் வாய்விட்டுப் பேசிப் பழகுங்கள்.