லோடு ஏற்றிப் பாருங்கள்

டாட்டா ஏஸ், அதாவது நம்ம குட்டி யானை, 2022-லேயே பேட்டரியில் ஓட வந்துவிட்டது. டீசல் செலவு மிச்சம் என்று எல்லோருக்கும் ஆசைதான். ஆனால் லாரிக்குப் பேர்போன நாமக்கல்லில் முதலில் கேட்பது, "லோடு ஏத்தினா எவ்வளவு தூரம் போகும்?" சரியான கேள்வி. கம்பெனி சொல்லும் தூரம் சோதனையில் கிடைத்தது. லோடு ஏறினால் தூரம் குறையும். மேடு ஏறினால் இன்னும் குறையும். ஊருக்குள் தண்ணீர் கேன் போடுகிறவர்களுக்கு, என் கணிப்பில், இது கச்சிதமான வண்டி. ஆனால் நாமக்கல்லில் முட்டை ஏற்றி, சேலத்தில் இறக்கித் திரும்பினால் சுமார் 100 கிலோமீட்டர். அதனால் வெறும் வண்டியை ஓட்டிப் பார்க்காதீர்கள். முட்டை ட்ரேயை முழுசாக அடுக்கி, உங்கள் ரூட்டிலேயே ஓட்டுங்கள். கிளம்பும்போது சார்ஜ் எவ்வளவு, திரும்பும்போது எவ்வளவு? லோடோடு பாருங்கள். இறக்கும் இடத்தில் சார்ஜ் போட முடியுமா என்றும் விசாரித்துவிடுங்கள்.