சிதம்பரம் பார்க்கப் போகிறவர்களுக்கு

(கீரப்பாளையம் பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சாரம்)



இன்று நாம் பேச வேண்டிய விஷயம் "ஊர் சுற்றிப் பார்ப்பது" என்பதாக நோட்டீசில் கண்டிருக்கிறது. கீரப்பாளையத்தில் நின்றுகொண்டு ஊர் சுற்றுவதைப் பற்றிப் பேசினால் அது சிதம்பரத்தைப் பற்றிப் பேசுவதாகத்தான் முடியும். ஏனென்றால் சென்னையிலிருந்தும் வடநாட்டிலிருந்தும், சீமையிலிருந்தும்கூட எத்தனையோ ஆயிரம் ரூபாய் செலவு செய்துகொண்டு வந்து பார்க்கிற ஊர், உங்களுக்குப் பஸ் ஏறி உட்கார்ந்து வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் வந்துவிடுகிறது.

"கோவில் வேண்டாம் என்கிற நீங்கள் சிதம்பரத்தைப் பார்க்கச் சொல்லலாமா?" என்று இங்கு ஒரு தோழர் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். கும்பிடப் போகிறது வேறு, பார்க்கப் போகிறது வேறு. கும்பிடுகிறவன் கண்ணை மூடிக்கொள்ளுகிறான். நாம் கண்ணைத் திறந்துகொண்டு போகச் சொல்லுகிறோம். அவ்வளவுதான் வித்தியாசம்.

முதலில் பிரயாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இன்று டிக்கெட் வாங்கினவன் எவனும் எந்த இடத்திலும் உட்காரலாம். இது தானாக வந்துவிட்ட சங்கதி அல்ல. பஸ்ஸில் ஆதிதிராவிடரை ஏற்றமாட்டோம் என்று முதலாளிகள் மறுத்த காலம் இந்நாட்டில் இருந்தது. இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராயிருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் அவர்கள், ஏற்றாவிட்டால் லைசென்சு கிடையாது என்று உத்தரவு போட்ட பிறகே அங்கு பஸ் கதவு திறந்தது. இரயிலிலோ வண்டி ஒன்றுதான். ஆனால் ஸ்டேஷன் சாப்பாட்டு அறையில் பிராமணருக்கு ஓரிடம், மற்றவருக்கு ஓரிடம் என்று பலகை தொங்கிற்று. அந்தப் பலகை 1941-இல்தான் இறங்கிற்று. பலகை எழுதினவனுக்குப் பசி எல்லோருக்கும் ஒரே மாதிரியாக எடுக்கும் என்கிற விஷயம் தெரியாமலா இருந்திருக்கும்?

நிற்க, கோவிலுக்கு வருவோம். சுமார் 40 ஏக்கர் பரப்பு, நான்கு திசைக்கு நான்கு கோபுரம். தெற்குக் கோபுரம் காடவ அரசன் கோப்பெருஞ்சிங்கன் பேரைச் சொல்லும். வடக்குக் கோபுரம் 16-ஆம் நூற்றாண்டில் விஜயநகரத்துக் கிருஷ்ணதேவராயன் பேரைச் சொல்லும். கல் உடைத்தவன் பேரும், சாரம் கட்டினவன் பேரும், மேலேயிருந்து விழுந்து செத்தவன் பேரும் எந்தக் கோபுரமும் சொல்லாது. ஆகவே கோபுரத்தைப் பார்க்கிறவர்கள் உச்சிக் கலசத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ளாமல், உள்வாசலின் இரண்டு பக்கச் சுவரையும் நிதானமாகப் பார்க்க வேண்டும். நாட்டியத்தின் 108 கரணங்களும் அங்கே பெண்ணுருவமாகக் கல்லில் செதுக்கப்பட்டிருக்கின்றன. இடுப்பு எவ்வளவு வளையும், முட்டி எவ்வளவு மடங்கும் என்பதை உளியைக்கொண்டு கணக்காகக் காட்டியிருக்கிறான் நம் சிற்பி. இந்த வேலைக்கு நாமும் தலைவணங்குகிறோம். ஆனால் கல்லில் ஆடின பெண்ணுக்குக் கிடைத்த மரியாதை, உயிரோடு ஆடின பெண்ணுக்குக் கிடைக்கவில்லை. பொட்டுக்கட்டுவதை ஒழிக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியாரும் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் பாடுபட்டு, சட்டம் வர 1947 ஆயிற்று.

நாட்டியம் என்றதும் இன்னொரு கதை சொல்லாமலிருக்க முடியவில்லை. சிவனுக்கும் காளிக்கும் ஆட்டப் போட்டியாம். எல்லா ஆட்டத்திலும் காளி சமமாக ஆடினாளாம். கடைசியில் சிவன் ஒரு காலைத் தலைக்கு மேல் தூக்கினாராம். பெண்ணாகையால் காளி வெட்கப்பட்டு நின்றுவிட்டாளாம். தோற்றவளை ஊர் எல்லைக்கு அனுப்பிவிட்டார்களாம். ஊர் எல்லையில் தில்லைக்காளி கோவில் இன்றும் இருக்கிறது; போய்ப் பாருங்கள். இதைப் பக்தியோடு சொல்லுகிற புராணிகர் தம் வீட்டுப் பெண்கள் எதிரில் வைத்துக்கொண்டே சொல்லுகிறாரே, அந்தத் தைரியத்தைத்தான் மெச்ச வேண்டும்!

உள்ளே போனால் பொன் வேய்ந்த கூரை. முதற் பராந்தக சோழன் பொன் வேய்ந்தான் என்பது சரித்திரம். அதோடு விட்டால் நமக்குச் சண்டையில்லை. "பொன் ஓடு 21,600, அது மனிதன் ஒரு நாளில் விடும் மூச்சின் எண்ணிக்கை. ஆணி 72,000, அது உடம்பிலுள்ள நாடி" என்று வழிகாட்டுகிறவர் சொல்லுவார். கேட்பவர் ஆச்சரியப்பட்டுத் தட்டில் பணம் போடுவார். நாம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 21,600-ஐ 24 மணியால் வகுத்து, அதை 60 நிமிஷத்தால் வகுத்தால் நிமிஷத்துக்கு 15 மூச்சு வருகிறது. சும்மா இருக்கிற பெரியவர்களுக்கு நிமிஷத்துக்கு 12 முதல் 20 வரை என்று வைத்தியர்கள் சொல்லுகிறார்கள். பிறந்த குழந்தைக்கோ 40-ம் போகும். உங்களில் நாற்று நடுகிற பெண்ணுக்கும், மூட்டை தூக்குகிறவருக்கும் 15 மூச்சு எப்படிப் போதும்? ஆகவே இந்தக் கணக்கு, உடம்பு நோகாமல் உட்கார்ந்திருக்கிறவன் மூச்சை எண்ணிப் போட்ட கணக்கு என்பது தெரியவில்லையா? சந்தேகமிருப்பவர்கள் இன்று வீட்டுக்குப் போய்க் கடிகாரத்தை வைத்துக்கொண்டு எண்ணிப் பாருங்கள். கூலிக்கு ஆள் வேண்டியதில்லை.

இந்தக் கணக்காவது பழையது. புதிதாக ஒன்று கிளம்பியிருக்கிறது. "நடராஜன் கால் கட்டைவிரல் இருக்கும் இடந்தான் உலகத்துக் காந்தப் புலத்தின் நடுமத்தி" என்று கைப்பேசியில் அனுப்புகிறார்கள். பூமிக்குக் காந்த நடுக்கோடு என்று ஒன்று உண்டு. உலகத்தையே சுற்றிவருகிற கோட்டுக்கு நடுமத்தி எங்கே இருக்கும்? அது போகட்டும். 1963-இல் இந்தியா முதல் ராக்கெட் விட இடம் தேடினபோது, காந்த நடுக்கோட்டுக்கு அருகிலிருக்கிறது என்றுதான் திருவனந்தபுரத்துப் பக்கம் தும்பா என்கிற மீன்பிடிக் கிராமத்தைத் தெரிந்தெடுத்தார்கள். சிதம்பரம் அதற்கு மூன்று பாகை வடக்கே இருக்கிறது. கட்டைவிரலுக்கு அடியில் கோடு ஓடினால் விஞ்ஞானிகள் சிதம்பரத்தில் இறங்காமல் தும்பாவுக்கு ஏன் போனார்கள்? காளத்தி, காஞ்சி, சிதம்பரம் மூன்றும் ஏறக்குறைய ஒரே நெடுக்கோட்டில் இருப்பது வாஸ்தவம். ஆனால் பஞ்சபூதத் தலம் ஐந்தாயிற்றே. திருவண்ணாமலையும் திருவானைக்காவும் மேற்கே தள்ளிப் போய்விட்டனவே, நெருப்புக்கும் தண்ணீருக்கும் மட்டும் கோடு தப்பிவிட்டதா? இதைச் சொல்லுவோர் அந்த இரண்டு ஊர் பேரையும் வாய் திறந்து சொல்லுவதேயில்லை என்பதைக் கவனியுங்கள்.

அப்புறம் இரகசியம். திரையை விலக்குவார்கள். பின்னால் பொன் வில்வ மாலை தொங்கும், வேறொன்றும் இராது. ஒன்றுமில்லாததுதான் கடவுள் என்பார்கள். இதைத்தான் நாமும் ஊர் ஊராய்ச் சொல்லுகிறோம். நமக்குக் கல்லடி, அவர்களுக்குத் தட்சணை! வித்தியாசமெல்லாம் ஒரு திரைச்சீலைதான். (சிரிப்பு)

அங்கேயே பெருமாளும் படுத்திருக்கிறார். இரண்டாம் குலோத்துங்கன் அவரைப் பெயர்த்துக் கடலில் எறிந்தான் என்று அவன் ஆஸ்தானப் புலவர் ஒட்டக்கூத்தரே பெருமையாய்ப் பாடி வைத்திருக்கிறார். பிறகு 1539-இல் விஜயநகரத்து அச்சுதராயன் திரும்ப வைத்தான். எறிவதற்கும் ஓர் இராஜா வேண்டியிருந்தது. எடுத்து வைப்பதற்கும் ஓர் இராஜா வேண்டியிருந்தது.

தேவாரத்தின் கதி இன்னும் விசேஷம். ஏடுகள் இக்கோவிலில் ஓர் அறையில் பூட்டிக் கிடந்தனவென்றும், இராஜராஜன் வந்து கேட்டதற்குப் "பாடின மூவரும் நேரில் வந்தால் திறப்போம்" என்று தீட்சிதர்கள் சொன்னார்களென்றும், அரசன் மூவர் சிலையையும் தூக்கிவந்து நிறுத்தித் திறக்கச் செய்தபோது பெரும்பகுதியைக் கரையான் தின்றிருந்ததென்றும் சொல்லுகிறவர்கள் நாம் அல்ல; சைவப் புராணமே சொல்லுகிறது. அந்தப் பூட்டு போட்ட பழக்கம் போயிற்றா? 2000-த்தில் சிவனடியார் ஆறுமுகசாமி என்கிற முதியவர் சிற்றம்பல மேடையில் நின்று தமிழில் தேவாரம் பாடப் போய் அடிபட்டார். அவர் நாத்திகரல்ல, நெற்றி நிறையத் திருநீறு பூசினவர். கடைசியில் அரசாங்கம் உத்தரவு போட்டு, 2008 மார்ச் 2-ஆம் தேதி போலீஸ் காவலோடு பாட வேண்டியதாயிற்று. 2009-இல் ஹைக்கோர்ட்டுத் தீர்ப்பின்மேல் அரசாங்க அதிகாரி கோவிலுக்குள் போனார். 2014 ஜனவரி 6-இல் சுப்ரீம் கோர்ட்டார், தீட்சிதர்கள் தனி மதப்பிரிவு என்று 1951-லேயே சென்னை ஹைக்கோர்ட் சொன்னது முடிந்த விஷயம் என்று சொல்லி, அதிகாரியை வெளியே அனுப்பிவிட்டார்கள். கனகசபையில் பக்தர் ஏறலாம் என்று 2022-இல் மறுபடியும் ஓர் உத்தரவு. ஏறக்கூடாது என்று 2023 ஆனித் திருமஞ்சனத்தில் ஒரு பலகை. அதை எடுக்கப் போலீஸ்! ஸ்டேஷன் பலகை இறங்கி எண்பது வருஷத்துக்குப் பிறகும் இங்கே பலகைச் சண்டைதான்.

தோழர்களே! இந்த ஊரைப் பார்க்க வேண்டுமென்று நம்மில் எல்லோரையும்விட அதிகமாக ஆசைப்பட்டவன் ஒருவன் இருந்தான். கொள்ளிடக் கரையிலுள்ள ஆதனூர்ப் புலைப்பாடி நந்தன். "நாளைப் போவேன், நாளைப் போவேன்" என்று சொல்லிச் சொல்லி அதுவே அவனுக்குப் பேராகிவிட்டது. தடை சொன்ன வேதியப் பண்ணையாரெல்லாம் 19-ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் சேர்த்த சரக்கு. சேக்கிழார் எழுதின பெரியபுராணத்தில் எந்த ஆண்டையும் தடுக்கவில்லை. தன் பிறப்பை நினைத்துத் தானே தயங்குகிறான். தடுக்கிற ஆளே வேண்டாதபடி தடையை அவன் மனதுக்குள்ளேயே கட்டி வைத்திருந்தார்கள் என்றால், அதுவல்லவா பெரிய மதில்? திருப்புன்கூரில் தெருவில் நின்ற நந்தன் பார்க்கும்படி கல் நந்தியை விலகச் சொன்ன கடவுள், சிதம்பரத்தில் தீட்சிதர்களைச் சற்று விலகுங்கள் என்று சொல்லவில்லை. நெருப்பு மூட்டச் சொன்னார்! உள்ளே போன நந்தன் பூணூலோடு முனிவனாய் வெளியே வந்தான், கோவிலுக்குள் போனான், பிறகு ஒருவர் கண்ணிலும் படவில்லை என்று புராணம் முடிகிறது. போனவன் திரும்பி வராத யாத்திரைக்கு என்ன பேர் என்பதை உங்கள் யோசனைக்கே விட்டுவிடுகிறோம்.

அதே நந்தன் பேரால் 1916-இல் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடம் வைத்தார். அவரும் காவி கட்டினவர்தான். நமக்கும் அவருக்கும் கொள்கையில் வெகுதூரம். இருந்தாலும் சொல்லுகிறோம்: உள்ளே போக நெருப்பு மூட்டாமல் சிலேட்டும் பலகையும் கொடுத்த அந்த ஒரு வாசலிலே எத்தனையோ ஆயிரம் நந்தன்கள் போய்த் திரும்பியும் வந்தார்கள், வாத்தியாராய், வக்கீலாய், அதிகாரியாய் வந்தார்கள். சிதம்பரம் போகிறவர்கள் தெற்கு வாசலைப் பார்த்த காலோடு அந்தப் பள்ளியையும் பார்க்க வேண்டும். கைடு காட்டமாட்டார், நீங்களே விசாரித்துக்கொண்டு போங்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929-இல் ஏற்பட்டது எல்லோருக்கும் தெரியும். அங்கே 1965 ஜனவரி 27-இல் இந்தி எதிர்ப்பில் குண்டடிபட்டுச் செத்த மாணவன் இராசேந்திரன் சிலை நிற்கிறது. அதையும் பாருங்கள்.

கடைசியாக உங்கள் பக்கத்து விஷயம். பொன்கூரை போட்ட பராந்தகன் காலத்திலேயே வெட்டினதுதான் வீராணம் ஏரி. வீரநாராயணன் என்பது அவன் பட்டப்பேர். கொள்ளிடத்துத் தண்ணீர் வடவாற்று வழியாக வந்து அதில் நிறைந்து, சுமார் 45,000 ஏக்கரை நனைக்கிறது. 2004 முதல் குழாய் வழியாகச் சென்னைக்காரன் குடிக்கவும் போகிறது. ஒரே அரசன் காலத்து வேலை இரண்டு. பொன்கூரை ஆயிரம் வருஷமாய் ஒரு நெல்லும் விளைவித்ததில்லை. ஆனால் விருந்தாளி வந்தால் கூரையைக் காட்ட அழைத்துப் போகிறீர்களேயொழிய, கரைமேல் நடத்திக் காட்டுகிறவர் யார்?

அந்தக் கரைக்குப் போனால் காட்டுமன்னார்கோவில் உடையார்குடிக் கோவிலையும் எட்டிப் பாருங்கள். இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் என்னும் சகோதரர்கள் பேர், இராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டாக அங்கே இருக்கிறது. பட்டத்துக்குரிய பிள்ளையைக் கொன்ற பிராமணர்களுக்கு அக்கல்வெட்டிலே கண்ட தண்டனை, அவர்களுடையதும் சுற்றத்தாருடையதுமான நிலம் பறிமுதல்! மனுதர்மம் ஏட்டில் மட்டும் இருந்தது என்று நம்மிடம் வாதாடுகிறவர்களை அங்கே அழைத்துப் போய் வாசிக்கச் சொல்லலாம்.

பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் பிச்சாவரத்தை விட்டுவிட வேண்டாம். தில்லை என்கிற பேரே ஒரு மரத்தின் பேர்தான். பால் பட்டால் கண் எரிந்துபோகும். சிதம்பரத்தில் அது பேரளவில் இருக்கிறது. பிச்சாவரத்து உப்பங்கழியில் மரமாகவே நிற்கிறது. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை வந்தபோது, அந்தக் காட்டுக்குப் பின்னாலிருந்த குப்பங்கள் மற்ற இடத்தைவிடக் குறைந்த சேதத்தோடு தப்பின. வேரும் சேறும் அலையின் வேகத்தைத் தாங்கிக்கொண்டன. காலையிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறினால் படகில் உட்கார முடியாது. குடிக்கத் தண்ணீர் கையோடு எடுத்துப் போங்கள். துடுப்புப் போடுகிறவரிடம் தில்லை மரம் எது என்று கேட்டால் காட்டுவார். இலையைக் கிள்ள வேண்டாமென்று பிள்ளைகளுக்கு முன்பே சொல்லிவையுங்கள்.