இல்லம் தேடி வரும் செவிலியரும் ஆறாத புண்ணும்



சமணச் சான்றோராகிய காரியாசான் தம் நீதிநூலுக்கு ஐந்து வேர்கள் சேர்ந்த மருந்தின் பெயரைச் சூட்டிச் சிறுபஞ்சமூலம் என்றார். கணிமேதாவியாரின் ஏலாதியும் மருந்தின் பெயர் பெற்ற நூலே. ஔஷத தானம் நால்வகைத் தானங்களுள் ஒன்றாகப் போற்றப்படுகிறது. ஆயினும் மருந்து வாங்கிக் கொடுப்பது வேறு. நாறும் புண்ணின் அருகே அமர்ந்து அதனைக் கழுவிக் கட்டுவது வேறு.

தருமபுரியிலிருந்து பென்னாகரம் செல்லும் சாலையில் உள்ளது இண்டூர். இத்தகைய ஊரில் பக்கவாதத்தால் படுத்துவிட்ட முதியவருக்கு இடுப்பின் கீழ் புண் கண்டால், ஒவ்வொரு கட்டுக்கும் அவரை வண்டியேற்றித் தருமபுரிக்குக் கொண்டுபோவது இயலுமோ? பயண அலைச்சலே புண்ணைப் பெரிதாக்கிவிடும். அதற்கு அஞ்சி வீட்டார் பழைய வேட்டித் துணியைக் கிழித்துக் கட்டுவர். மஞ்சளோ காப்பித்தூளோ அப்புவர். அன்பின் குறை அன்று இது, அறிந்தவர் துணை இல்லாத குறையே.

அக்குறையைப் போக்கும் வழியொன்று உண்டு. 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள், அண்டை மாவட்டமான கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கப்பெற்றது. நீரிழிவு, இரத்த அழுத்த மாத்திரைகள் மட்டுமே அத்திட்டம் என்று எண்ணுவோர் பலர். படுத்த படுக்கையாய் இருப்போரை வீட்டிலேயே பேணும் நோய்த்தணிப்புச் செவிலியரும், இயன்முறை மருத்துவரும் அதில் உளர். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நோயாளியின் பெயரைப் பதிவு செய்யக் கேட்பதில் கூச்சம் வேண்டுவதில்லை.

பயிற்சி பெற்ற செவிலியர் வந்ததும் மருந்தைத் திறப்பதில்லை. முதலில் கையைக் கழுவுகிறார், பிறகு புண்ணைப் பார்க்கிறார். அதன் நீளம், ஆழம், நிறம், வாடை ஆகியவற்றைக் குறித்துக்கொள்கிறார். ஒட்டிய துணியைப் பிய்த்தெடுக்காமல் சலைன் விட்டு நனைத்து எடுக்கிறார். நாள்தோறும் ஸ்பிரிட்டும் நுரைக்கும் மருந்தும் ஊற்றினால் கிருமியோடு புதிதாய் முளைக்கும் சதையும் மடியும் என்பது அவர் அறிந்தது. படுக்கைப்புண்ணுக்கோ களிம்பைவிடப் பெரிய மருந்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பதே. அப்பணி இரவிலும் வீட்டாருடையது. செவிலியர் கற்றுக்கொடுத்துவிட்டுப் போவார்.

நீரிழிவுக் கால்புண் இன்னும் வஞ்சகமானது, அது வலிப்பதில்லை. 1946இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளரின் பாதங்களை ஆராய்ந்து ஓர் உண்மையைத் தெளிவாக்கினார். சதை கெட்டதால் புண் வரவில்லை. உணர்ச்சி அற்றதால், காயம்பட்ட காலையே மீண்டும் மீண்டும் ஊன்றி நடந்ததால் வந்தது. நீரிழிவால் மரத்த பாதத்துக்கும் இதுவே பொருந்தும். எவ்வளவு நேர்த்தியாகக் கட்டினாலும் அக்காலை ஊன்றி நடந்தால் புண் ஆறாது. கருமை, பரவும் சிவப்பு, காய்ச்சல் இவற்றுள் ஒன்று தோன்றினாலும் அடுத்த கட்டு நாள் வரை காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

சமணக் குடும்பங்களுக்கெனச் சில செய்திகள். புண் ஆறப் புரதம் வேண்டும். முட்டை இல்லையே என்று கலங்க வேண்டா. பருப்பு, கொண்டைக்கடலை, நிலக்கடலை, தயிர், பனீர் போதிய அளவில் நாள்தோறும் தட்டில் இருக்கட்டும். இன்சுலின் போட்டுக்கொள்பவர் நோன்பு ஏற்குமுன் மருத்துவரைக் கேட்டு அளவை மாற்றிக்கொள்ள வேண்டும். கட்டுப்பொருள்களுள் தேன் சேர்ந்தவை உண்டு. கொலாஜன் தாள்கள் பெரும்பாலும் மாட்டிலிருந்தோ மீனிலிருந்தோ எடுக்கப்படுகின்றன. வேண்டாதவர் இதனைச் செவிலியரிடம் முதல் நாளே சொல்லிவிடலாம். கடற்பாசியிலிருந்து செய்யும் ஆல்ஜினேட் கட்டு முதலிய மாற்றுகளுள் அப்புண்ணுக்கு ஏற்றது எது என்பதை அவரும் மருத்துவரும் தெரிவு செய்வர்.