பிள்ளைகளோடு ஒரு டைனோசர் பெட்டி

ஜார்ஜ்டவுனுக்குப் போய்வரும் பிள்ளைகள் கடையில் டைனோசர் பொம்மையைக் கண்டு அடம்பிடிப்பது உண்டு. விலையைப் பார்த்ததும் பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிடுகிறோம். அந்த ஆசையை வீட்டிலேயே, அதிகச் செலவில்லாமல், நல்ல பாடமாக்கலாம். சப்பாத்து வாங்கிய அட்டைப் பெட்டி ஒன்று போதும். அதைப் பக்கவாட்டில் நிறுத்தி, உள்ளே டைனோசர் வாழ்ந்த காட்சியை அமைப்போம்.

எந்த டைனோசர்? நம் நாட்டில் வாழ்ந்ததையே எடுத்துக்கொள்வோம். 2012-இல் பகாங் மாநிலத்தில், மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் ஜப்பானிய ஆய்வாளர்களும் ஒரு பல்லைக் கண்டெடுத்தார்கள். 2014 பிப்ரவரியில் அதை அறிவித்தார்கள். மலேசியாவில் கிடைத்ததாக அறிவிக்கப்பட்ட முதல் டைனோசர் புதைபடிவம் அதுவே. நீளம் 23 மில்லிமீட்டர்தான். வயதோ குறைந்தது 75 மில்லியன் ஆண்டுகள், அதாவது ஏழரைக் கோடி! அதன் வடிவத்தையும் மேலுள்ள வரிகளையும் கொண்டு, மீன் தின்னும் ஸ்பைனோசர் இனத்துப் பல் என்று கண்டறிந்தார்கள்.

மீன் தின்ற விலங்கென்றால் பெட்டிக்குள் ஓர் ஆறு வேண்டும். நீல நெகிழிப்பையை வெட்டி ஒட்டினால் ஆறு தயார். பழைய செய்தித்தாளைக் கசக்கி, மாவுப் பசை தடவிக் கரையை எழுப்புங்கள். களிமண்ணில் டைனோசரைச் செய்து நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் வைத்தால் வெடித்துவிடும். கால் எப்படி இருக்கும் என்று பிள்ளை கேட்டால், வீட்டுக் கோழியின் காலைக் காட்டுங்கள். பறவைகள் டைனோசர் வழி வந்தவைதாம். கத்தி பிடிக்கும் வேலையை மட்டும் பெரியவர்கள் செய்யுங்கள்.

செடிகளுக்கு எங்கே போவது? எங்கள் பள்ளியில் இதைச் செய்த நாளில், ஒரு தகப்பனார் ஓரமாக உட்கார்ந்திருந்தார். "நான் படிக்காதவன், வாத்தியாரே" என்றார். அந்தக் காலத்தில் பன்னச் செடிகள் இருந்தன என்று நாங்கள் சொன்னதும் எழுந்துபோய், செம்பனை மரத்தண்டில் முளைத்திருந்த மூன்று வகைப் பன்னங்களைப் பறித்துவந்தார். எது நிழலில் வளரும், எது வெயில் தாங்கும் என்றும் சொன்னார். அவர் மகன் அவரை அண்ணாந்து பார்த்த பார்வையை நாங்கள் மறக்கவில்லை.

ஆனால் செம்பனையையும் பால் மரத்தையும் பெட்டிக்குள் வைக்காதீர்கள். செம்பனை ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. பிரேசில் நாட்டுப் பால் மரம் 1877-இல்தான் சிங்கப்பூருக்கு வந்தது. பச்சைப் புல்வெளியும் வேண்டாம். அக்காலத்தில் புல்வெளிகள் இல்லை.

ஒரு சிறுமி ஈட்டி பிடித்த மனிதனைச் செய்து டைனோசர் பக்கத்தில் நிறுத்தினாள். நாங்கள் கோபிக்கவில்லை. இரண்டரை மீட்டர் நூலைத் தரையில் நீட்டினோம். "இந்தக் கோடியில் டைனோசர் நிற்கிறது. மனிதன் உலகில் வாழ்ந்த மூன்று லட்சம் ஆண்டுகள், அந்தக் கோடியில் ஒரே ஒரு சென்டிமீட்டர்" என்றோம். அவளே நூலை நடந்து பார்த்தாள். பிறகு மனிதனை வெளியே எடுத்துவிட்டாள்.

முடிவில் பெட்டியின் பின்புறம் இரண்டு பட்டியல் எழுதச் சொல்லுங்கள். ஒன்று, நமக்குத் தெரிந்தது: பல், அதன் அளவு, வயது. மற்றொன்று, நாம் எண்ணிப் பார்த்தது: தோலின் நிறம், முதுகின் வடிவம், அதன் குரல். பகாங்கில் கிடைத்த பல் இவற்றைச் சொல்லவில்லை. தெரிந்தது எது, எண்ணியது எது என்று பிரித்துப் பார்க்கப் பழகிய பிள்ளை, நாளை யார் எதைச் சொன்னாலும் "எப்படித் தெரியும்?" என்று கேட்கும். அந்தக் கேள்வியே கல்வியின் தொடக்கம்.

பெற்றோர்களே, அட்டைப் பெட்டி சில மாதங்களில் நைந்துபோகும். அப்பாவோடும் அம்மாவோடும் உட்கார்ந்து செய்த அந்த மாலைப்பொழுது பிள்ளையின் மனத்தில் நிற்கும். வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு பெட்டியை எடுத்து வையுங்கள்.