‘நீக்கு’ என்றால் எதை நீக்குவது?

(திருவொற்றியூரில் கணினி ஆசிரியர்கள் கூடுகையில் பேசியதன் எழுத்து வடிவம்)

செயற்கை நுண்ணறிவு பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் பேசப்போவது ஒரே ஒரு சொல்லைப் பற்றி.

மீனவர் குப்பங்களும் தொழிலாளர் குடியிருப்புகளும் சூழ்ந்த பள்ளி எங்களுடையது. பிள்ளை வரவில்லை என்றால் வகுப்பாசிரியர் வீட்டுக்குப் போன் செய்வார். யாருக்கெல்லாம் போன் செய்ய வேண்டும் என்று தினமும் பட்டியல் எடுத்துத் தர, பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் மாணவர்களோடு சேர்ந்து சிறிய ஏஐ ஏஜென்ட் ஒன்றைச் செய்தோம். எமிஸ் தளத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. வகுப்புப் பட்டியலின் நகல் ஒன்றைத்தான் கையாண்டது. ஆசிரியர் தமிழில் கேட்டால், எந்தக் கருவியை இயக்குவது என்று ஏஜென்ட் தானே முடிவு செய்யும். கருவி என்றால் வேறொன்றுமில்லை, நாம் பாடத்தில் நடத்தும் பைத்தான் செயற்கூறுதான்.

அதில் ஒரு கருவியின் பெயர் ‘மாணவரை நீக்கு’. விளக்கக் குறிப்பு: ‘மாணவரை நீக்கும்.’ எழுதியவன் நான்தான். வேறு பள்ளிக்குப் போய்விட்ட பிள்ளைகளுக்காக வைத்தது அது. இன்றைக்கு மட்டும் போன் வேண்டாம் என்பதற்கு இன்னொரு கருவி இருந்தது. அதன் பெயர் ‘பட்டியலைப் புதுப்பி’. யாருக்குப் புரியும்?

ஒருநாள் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவனுக்குக் காய்ச்சல் என்று தகவல் வந்தது. “இன்றைய பட்டியலில் இருந்து அவனை நீக்கிவிடு” என்று ஆசிரியை தட்டச்சு செய்தார். ஏஜென்ட் அவனை வகுப்பில் இருந்தே நீக்கிவிட்டது.

அடுத்தடுத்த நாட்களிலும் அவன் வரவில்லை. வருகைப் பதிவில் ஆப்சென்ட் விழுந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் போன் பட்டியலில் பெயர் இல்லை. அதைத்தான் ஏஜென்ட் பார்த்துக்கொள்கிறதே என்று எல்லாரும் இருந்துவிட்டோம். ஆறாம் நாள் என் மாணவர் ஒருவர் வந்து, “சார், அவன் காசிமேட்டுல ஐஸ் பெட்டி தூக்கிட்டிருக்கான்” என்றார். காய்ச்சல் இரண்டே நாளில் விட்டிருக்கிறது. ஆசிரியை அன்று மாலையே வீட்டுக்குப் போய்ப் பேசினார். திங்கட்கிழமை பையன் வந்துவிட்டான். இன்னும் ஒரு மாதம் கழிந்திருந்தால் வந்திருப்பானா, சொல்ல முடியாது.

நிரலைத் திறந்து வரி வரியாகப் பார்த்தோம். ஒரு பிழையும் இல்லை. பிழை குறிப்பில் இருந்தது. ஏஜென்ட்டின் முன் பொதுவாக வைக்கப்படுவது கருவியின் பெயர், விளக்கக் குறிப்பு, உள்ளீடுகளின் விவரம், இவ்வளவுதான். உள்ளே இருக்கும் நிரல் அதன் கண்ணில் படுவதில்லை. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட ‘மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்’ என்ற திறந்த நெறிமுறையிலும் கருவிகள் இப்படித்தான் அறிமுகமாகின்றன.

குறிப்பை மாற்றி எழுதினோம்: ‘மாற்றுச் சான்றிதழ் பெற்றுச் சென்ற மாணவரை வகுப்புப் பட்டியலில் இருந்து நிரந்தரமாக எடுக்கும். காய்ச்சல், விடுப்பு போன்ற காரணங்களுக்கு இதைப் பயன்படுத்தக் கூடாது. அதற்கு “இன்று அழைக்க வேண்டாம்” கருவி உள்ளது. உள்ளீடு: சேர்க்கை எண்.’

இதில் இரண்டாவது வாக்கியம்தான் உயிர். எப்போது பயன்படுத்தலாம் என்று எல்லாரும் எழுதுவோம். எப்போது கூடாது என்று எழுத மறந்துவிடுவோம். முன்பு வெறும் ‘எண்’ என்றிருந்தது; வரிசை எண்ணா, சேர்க்கை எண்ணா, எமிஸ் எண்ணா? தேதியும் அப்படியே. 03-04 என்றால் ஏப்ரல் 3-ஆ, மார்ச் 4-ஆ? ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையைக் குறிப்பிலேயே சொல்லிவிட்டோம்.

இந்தக் கவலை நம் ஊருக்குப் புதிதல்ல. ஒரு பக்கம் சென்னைத் துறைமுகம், மறுபக்கம் எண்ணூரில் காமராஜர் துறைமுகம். வந்துபோகும் கப்பல்களில் பல மொழி பேசும் மாலுமிகள். கப்பல் பேச்சுக்கென்றே நிலையான ஆங்கிலத் தொடர்களைச் சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2001-இல் ஏற்றது. ‘மே’, ‘கேன்’ போன்ற சொற்கள் அனுமதி கேட்கின்றனவா, இயலும் என்கின்றனவா என்ற குழப்பம் வருவதால் அவற்றைத் தவிர்க்கச் சொல்கிறது. சொல்லப்போவது கேள்வியா, எச்சரிக்கையா, உத்தரவா என்பதை முதலிலேயே அறிவித்துவிடும் முறையும் உண்டு. சுக்கானுக்கான திசையை நூற்றைம்பது என்று சொல்வதில்லை. ஒன்று, ஐந்து, சுழியம் என்று தனித்தனியாகச் சொல்வார்கள். சுக்கான் பிடிப்பவர் அதைத் திரும்பச் சொல்வார்.

திரும்பச் சொல்வதை நாங்களும் எடுத்துக்கொண்டோம். எவ்வளவு நல்ல குறிப்பும் பூட்டு ஆகாது. ஆகவே பெயரை எடுக்கும் முன் ஆசிரியரிடம் ‘ஆம்’ கேட்டே ஆக வேண்டும் என்று நிரலிலேயே வைத்துவிட்டோம். அதற்காகக் குறிப்பை நீட்டிக்கொண்டே போகவும் கூடாது. ஒரு மாணவி இருபது வரி எழுதி வந்தார். முக்கியமான வரி பதினேழாவதாக இருந்தது!

இப்போது வகுப்பில் ஒரு பயிற்சி வைத்திருக்கிறேன். கணினி தேவையில்லை. ஒரு குழு கருவிக் குறிப்புகளைத் துண்டுச் சீட்டில் எழுதும். நிரலைப் பார்க்காத இன்னொரு குழு ஏஜென்ட்டாக உட்காரும். ஆசிரியரின் வேண்டுகோளை வாசித்ததும் சீட்டை எடுக்க வேண்டும். தவறான சீட்டை எடுத்தால், எழுதியவர்தான் திருத்த வேண்டும். எடுத்தவரைக் குறை சொல்லக் கூடாது.

போன வாரம் ஒரு மாணவி சீட்டைத் தூக்கிக் காட்டிக் கேட்டார்: “‘மதிப்பெண்ணைப் பார்’னு இருக்கே சார், வெறுமனே படிச்சுச் சொல்லணுமா, சரிபார்த்துத் திருத்தணுமா?”

அந்தச் சீட்டையும் எழுதியது நான்தான்.