குழூஉக்குறியும் பழுதுக்குறியும்



மொழிப் பொழிவு வரிசையில் அடுக்களைக் கருவி ஒன்றைப் பற்றிப் பேச வந்திருப்பது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும் மொழியறிவு பயன்படும் இடங்களுள் அடுக்களையும் ஒன்று. மின் ஓவனின் முகப்பில் திடீரென ஓர் எழுத்தும் இரண்டு எண்களும் மின்னுகின்றன. எச்சரிக்கை ஒலி விடாது கேட்கிறது. வீட்டில் தனித்திருக்கும் முதியவர் என்ன செய்வார்? அவர் செய்யவேண்டியதைத் தெளிந்த தமிழில் நம்மால் எழுதித்தர இயலுமா? இதுவே இன்று நாம் ஆராயவிருக்கும் வினா.

முதலில் பெயரைத் தீர்த்துக்கொள்வோம். ஆங்கில ஒலிப்பை ஒட்டி எழுதினால் 'அவன்' என்றாகும். 'அவன் சூடாக இருக்கும்போது தொடாதீர்' என்ற எச்சரிக்கையைப் படிப்பவர், எவனைத் தொடக்கூடாது என்று கேட்கக்கூடும். 'வெதுப்பி' என்னும் சொல்லும் உண்டு. எனினும் எச்சரிக்கை வாசகத்தில் சொல்லின் தூய்மையைவிடப் படிப்பவரின் விரல் பெரிது. ஆகவே மக்கள் அறிந்த 'ஓவன்' என்பதையே இங்கு வழங்குவோம்.

ஓவன் காட்டும் குறியை மொழியியலார் எவ்வாறு வகைப்படுத்துவது? நமக்கு விடை தொலைவில் இல்லை. நன்னூல் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாகப் பகுக்கிறது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பது குழூஉக்குறிக்கு நாம் வகுப்பறையில் காட்டும் எடுத்துக்காட்டு. ஒரு குழுவினர் தமக்குள் வகுத்துக்கொண்ட சொல், பிறர்க்கு விளங்காது. ஓவனின் குறியும் அத்தகையதே. வட அமெரிக்காவில் விற்கப்படும் ஃபிரிஜிடேர் ஓவன்கள் பலவற்றில் 'எஃப் 10' என்பது வெப்பம் கட்டுமீறி ஏறுவதையும், 'எஃப் 11' என்பது விசைப்பலகையில் ஒரு விசை அழுந்தியபடியே நிற்பதையும் குறிக்கும். வேறு நிறுவனத்தின் ஓவனில் அதே எழுத்தும் எண்ணும் வேறு பொருள் தரலாம். எனவே ஒன்றின் குறிக்கு மற்றொன்றின் கையேட்டில் பொருள் தேடுதல் தவறான அகராதியைப் புரட்டுவதற்கு ஒப்பாகும்.

ஆனால் பொற்கொல்லரின் குறிக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. புகைக்கும் நெருப்புக்கும் உள்ள காரண உறவு இங்கும் இருக்கிறது. பல ஓவன்களில் வெப்பத்தை அளப்பது பிளாட்டின உணரி. அதன் ஒருவகை 0 பாகை செல்சியசில் 1000 ஓம் மின்தடை காட்டும். 30 பாகையில் ஏறத்தாழ 1117 ஓம். கம்பி அறுந்தால் மின்தடை எல்லையின்றி உயரும். கம்பிகள் ஒட்டிக்கொண்டால் சுழியை நெருங்கும். இவ்விரண்டையும் நுண்செயலி கண்டறிந்து குறியாக வெளியிடுகிறது. ஆகவே குறியின் வடிவம் இடுகுறி. அது தோன்றுவதோ காரணத்தால். இந்த இரட்டைத் தன்மையை உணர்ந்தால்தான் 'மீட்டமைத்தல்' என்பதன் எல்லை விளங்கும்.

மீட்டமைத்தல் குறியை அழிக்கும், காரணத்தை அழிக்காது. மின்னழுத்தம் ஏறி இறங்கியதாலோ, இடி மின்னலாலோ நுண்செயலி தடுமாறியிருந்தால், காரணம் முன்னரே நீங்கியிருக்கும். எஞ்சி நிற்பது குறி மட்டுமே. அப்போது மீட்டமைத்தல் போதும். உணரி அறுந்திருந்தாலோ குறி மீண்டும் வரும். அவ்வாறு மீண்டும் வருவதே ஒரு செய்தி.

இனி அறிவுறுத்தலின் மொழிக்கு வருவோம். 'ஓவன் அணைக்கப்பட்டு மீண்டும் இயக்கப்பட வேண்டும்' என்று மொழிபெயர்ப்புக் கையேடுகளில் எழுதக் காண்கிறோம். இவ்வாக்கியத்தில் இரு குறைகள் உள்ளன. செயப்பாட்டுவினை செய்பவரை மறைத்துவிடுகிறது. யார் அணைப்பது என்பது தெரியவில்லை. அதனினும் பெரிது 'அணை' என்னும் வினையின் மயக்கம். முகப்பிலுள்ள பொத்தானை அழுத்தினாலும் அணைத்தல்தான். வீட்டு மின்பெட்டியில் விசையை இறக்கினாலும் அணைத்தல்தான். பொத்தானை அழுத்தினால் கடிகாரம் மின்னிக்கொண்டே இருக்கும், நுண்செயலிக்கு மின்சாரம் செல்லும், எதுவும் மீட்டமையாது. பத்துமுறை பொத்தானை அழுத்திப் பயன் காணாதவர் அறியாதவர் அல்லர். அவருக்குக் கிடைத்த வினைச்சொல் போதாதது.

நாம் இவ்வாறு எழுதலாம்:

'மின்பெட்டியில் ஓவனுக்குரிய விசையை இறக்குங்கள். ஓவனின் கடிகாரம் இருண்டுவிட்டதா என்று பாருங்கள். ஐந்து நிமிடம் காத்திருங்கள். விசையை ஏற்றுங்கள். கடிகாரத்தில் நேரத்தைச் சரிசெய்யுங்கள். குறி மீண்டும் தோன்றினால், அதைத் தாளில் எழுதிக்கொண்டு, விசையை இறக்கிவிட்டுப் பழுதுபார்ப்பவரை அழையுங்கள்.'

ஒரு வாக்கியத்திற்கு ஒரு செயல் என்பதே பெரும்பாலும் நெறி. 'இறக்கி, காத்திருந்து, ஏற்றி' என வினையெச்சங்களைக் கோத்துச் செல்வது தமிழின் வளம். ஆனால் அவ்வோட்டத்தில் 'காத்திருந்து' என்பது கரைந்துபோகும். மின்தேக்கிகளில் எஞ்சிய மின்னேற்றம் வடிவதற்கே அந்தக் காத்திருப்பு. அதற்குத் தனி வாக்கியம் தந்தால்தான் படிப்பவர் அதைச் செய்வார்.

வெப்பம் கட்டுமீறியதைக் காட்டும் குறிக்கு மட்டும் வேறு வாசகம் தேவை. வெப்பக்கம்பிக்கு மின்சாரம் விடும் ரிலேயின் முனைகள் உருகி ஒட்டியிருந்தால், மின்சாரம் திரும்பியதும் ஓவன் தானே கொதிக்கத் தொடங்கும். ஆகவே அங்கே 'விசையை இறக்குங்கள். மீண்டும் ஏற்றாதீர்கள்' என்பதோடு நிறுத்த வேண்டும். எதிர்மறை ஏவல் ஒன்று வீட்டைக் காக்கும் இடம் அது.

இறுதியாக ஒரு சொல். இக்குறிகளைப் 'பிழைக்குறி' என்று மொழிபெயர்ப்பது பெருவழக்கு. தமிழில் பிழை, செய்பவரைச் சாரும். 'பிழை' என்று முகப்பில் கண்ட முதியவர், தாம் ஏதோ தவறு செய்துவிட்டதாக அஞ்சி, பிள்ளைகளிடம் சொல்லாமலே மறைக்கக்கூடும். 'பழுது' கருவியைச் சாரும். எனவே 'பழுதுக்குறி' என்பதே பொருத்தம் என்பது நம் கருத்து.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கட்டுரைப் பயிற்சியில் ஒருமுறை, வீட்டிலுள்ள கருவி ஒன்றின் அறிவுறுத்தலைத் தமிழில் எழுதி வருமாறு மாணவரைப் பணியுங்கள். எழுதியதைத் தாத்தா பாட்டியிடம் படித்துக்காட்டி, அவர்கள் எந்த வரியில் தயங்கினார்கள் என்பதையும் குறித்துவரச் சொல்லுங்கள். அந்த வரியிலிருந்து அடுத்த பாடத்தைத் தொடங்கலாம்.