இரவு பத்து மணித் தையல்



சமையல், பிள்ளைங்க படிப்பு, மாமியாருக்கு மருந்து எல்லாம் முடிஞ்சு நான் மெஷின்ல உட்காரும்போது இரவு பத்து மணி ஆயிடும். போன மாசம் பழைய காட்டன் புடவையில் மகளுக்குப் பாவாடை தைச்சேன். வளர்ற பிள்ளை, அதனால கீழே 2 இன்ச் உள்ளே மடிச்சிருக்கேன். உயரம் கூடினா பிரிச்சு விடலாம். அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் தோழிகளுக்கு அனுப்பினேன்.

எல்லாரும் "அழகா இருக்குடி" என்றார்கள். கணவரை இழந்த ஒரு தோழி மட்டும், "எனக்கும் தைக்கத் தெரியும். மெஷின்தான் இல்ல" என்று எழுதினாள். பத்து வருஷப் பழக்கம். எனக்கு இது தெரியாமலே போச்சு.

சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரத் திட்டம் இவளைப் போன்றவர்களுக்குத்தானே! கையில் தையல் பயிற்சிச் சான்றிதழும் வைத்திருந்தாள். வருமானச் சான்று, விதவைச் சான்று, ஆதார் அட்டையோடு அந்த வாரமே இ-சேவை மையத்துக்குப் போய் விண்ணப்பித்தோம். பதிலுக்குக் காத்திருக்கிறோம். அதுவரை பகலில் என் மெஷின் அவளுக்கு.

நீங்களும் தைச்சதைத் தோழிகளுக்குக் காட்டுங்க. வர்ற பதிலையும் கொஞ்சம் நின்னு படிங்க.